சோற்றுக்குப் பதிலாக ஸ்டேக் சாலட்: கறி ரப்பராகிறது, இலை துவண்டுபோகிறது. எங்கே தப்பு?

பாயான் பாரு மருமகள் கேட்கிறார்:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். பினாங்கில் பாயான் பாரு பக்கம் இருக்கிறேன். என் மாமனாருக்கு 71 வயது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. ராத்திரியில் சோற்றைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வாழ்க்கை முழுக்க ராத்திரிக்குச் சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டே பழகிய மனிதர். தட்டில் இலையும் வெள்ளரிக்காயும் மட்டும் வைத்தால், "இது சரிம்மா, சாப்பாடு எங்கே?" என்று கேட்கிறார். கேட்கும்போது எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கறி இருந்தால் சாப்பிடுவார் என்று தெரியும். அதனால் வயிறு நிறைகிற மாதிரி மாட்டிறைச்சி ஸ்டேக் வைத்து ஒரு சாலட் செய்து பார்த்தேன். பேரங்காடியில் உறைந்த கறி ஒரு கட்டி வாங்கி, தண்ணீரில் போட்டுக் கரைய விட்டேன். மெல்லிசாக வெட்டி, கழுவி, ஒட்டாத சட்டியில் பட்டர் போட்டு வதக்கினேன். போட்ட ஒரு நிமிஷத்தில் சட்டி முழுக்கத் தண்ணீர். கறி சிவக்கவே இல்லை, சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றட்டும் என்று பத்து நிமிஷம் விட்டதில் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. சூட்டோடு இலையின் மேல் கொட்டினேன். இலை அப்படியே படுத்துக்கொண்டது. தட்டின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "ரத்தம் நிற்குதேம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

இலையை எல்லாம் தூக்கிப் போட்டேன். கறியை எடுத்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிக் கொடுத்தேன். அதற்கு அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டார். எதைக் குறைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேனோ அதுவே கூடிப்போனது.

என்ன கறி வாங்குவது? வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்று இருக்கிறது, அதில் செய்யலாமா? அந்தச் சிவப்புத் தண்ணீர் வராமல் செய்ய முடியுமா? மாமாவுக்குக் கடைவாயில் இரண்டு பல் இல்லை, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் வருவார். அவருக்கும் இதுவே சாப்பாடாக இருந்தால் எனக்கு ஒரு வேலை குறையும்.

பெரிங்கி சமையல்காரன் பதில்:

வ அலைக்கும் சலாம், தங்கச்சி. பத்து பெரிங்கியில் ஒரு ஹோட்டலின் மேற்கத்தியச் சமையலறையில் 19 வருஷம் நின்றவன் நான். இப்போது ஜெலுத்தோங்கில் வீட்டோடு இருக்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாலைந்து தப்பு நடந்த மாதிரி உங்களுக்குத் தோன்றுகிறது. நடந்தது ஒரே தப்புதான்: ஈரம். கறியின் வெளியே ஈரம், இலையில் ஈரம். வெளி ஈரத்தை விரட்டிவிட்டு உள் ஈரத்தைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

கறியின் மேல் தண்ணீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். அதனால் ஈரக் கறியைச் சட்டியில் போட்டால் அது வதங்காது, வேகும். உங்கள் சட்டியில் நடந்தது அதுதான். உறைந்த கறியைத் தண்ணீரில் கரைத்ததும், சின்னதாக வெட்டியதும், கடைசியில் கழுவியதும் எல்லாம் சேர்ந்துகொண்டன.

முதலில் கறி. இங்கே மலிவாகக் கிடைக்கிற உறைந்த கட்டி பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிற எருமைக் கறி. குறை சொல்லவில்லை, ரெண்டாங்குக்கும் குழம்புக்கும் நல்ல கறி. கொழுப்பு குறைவு, நார் கெட்டி, மெதுவாக வெந்தால்தான் இளகும். ஐந்து நிமிஷத்தில் சுட்டு எடுக்க அது ஆகாது. உறையாமல் குளிர வைத்து விற்கிற ஆஸ்திரேலியக் கறி வாங்குங்கள். மாமாவின் பல்லுக்கு பாத்தாங் பீனாங் (டெண்டர்லாயின்) என்று கேட்டு வாங்கினால் மெத்தென்று இருக்கும், ஆனால் விலை அதிகம். ஸ்டிரிப்லாயின் (இடுப்புப் பக்கக் கறி) போதும், மெல்லிசாக வெட்டிக் கொடுத்தால் அவர் சாப்பிட்டுவிடுவார். ஒரே துண்டாக, இரண்டரை செண்டிமீட்டர் கனத்துக்குக் கேளுங்கள். நாலைந்து துண்டாக வெட்டித் தந்தால் வாங்க வேண்டாம். சாலட்டில் மூன்று பேருக்கு 400 கிராம் தாராளம்.

முதல் நாள் ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கறியைக் கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் மனசு வராது, அது எனக்குத் தெரியும். அப்படியானால் அப்போதே கழுவி, டிஷ்யூவால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். டிஷ்யூ நனையாமல் வருகிறவரை துடைக்க வேண்டும். பிறகு முக்கால் தேக்கரண்டி உப்பை இரண்டு பக்கமும் தடவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஐஸ் பெட்டியின் (ஃபிரிட்ஜின்) கீழ்த்தட்டில் வையுங்கள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். அரை மணி நேரத்தில் பார்த்தால் கறி வியர்த்துப்போய் இருக்கும், பயந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்த உப்புத் தண்ணீரைக் கறியே திரும்பக் குடித்துவிடும். மறுநாள் தொட்டுப் பாருங்கள்: மேல்பக்கம் கறுத்து, விரலில் ஒட்டாமல், காய்ந்த தோல் மாதிரி இருக்கும். அந்தக் காய்ந்த தோல்தான் கல்லில் பட்டதும் சிவக்கும். முதல் நாளே செய்ய நேரம் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னாவது உப்புப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கல்லில் போடுகிற நொடியில் போடுங்கள். இடையில் பத்து, இருபது நிமிஷத்துக்கு முன் போடுவதுதான் கெடுதல், தண்ணீர் வெளியே நிற்கிற நேரம் அது.

தோசைக்கல் நல்லது. கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒட்டாத சட்டியைவிட மேல். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான தீயில் ஐந்து நிமிஷம் காயட்டும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியின் மேல் தடவுங்கள், புகை குறையும். கச்சான் (நிலக்கடலை) எண்ணெயோ சாதாரணச் சமையல் எண்ணெயோ போதும். பட்டர் வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிஷத்தில். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றாடியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.

கறியைப் போட்டதும் காதைக் கொடுங்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஹைனானியச் சீனப் பெரியவர். முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவார், என் அடுப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். சொர்ரென்று ஒரே சீராகக் கேட்டால் பேசமாட்டார். களபுளவென்று மாறிய உடனே, "தண்ணீர் வருது, எடு" என்று திரும்பாமலே சத்தம் போடுவார். இத்தனை வருஷம் கழித்தும் நான் கறி சுடும்போது ரேடியோவை நிறுத்திவிடுகிறேன்.

நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்புங்கள், ஒரே சீராக வேகும். கரண்டியால் அழுத்தக் கூடாது. இந்தக் கனத்துக்கு மொத்தம் எட்டு நிமிஷம் கணக்கு. முப்பது, நாற்பது வெள்ளி (ரிங்கிட்) போனாலும் பரவாயில்லை, குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அமெரிக்க விவசாயத் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் சொல்கிற பாதுகாப்பான அளவு நடுவில் 63 டிகிரி, அதன் பிறகு 3 நிமிஷம் ஆற விடுவது. ஹோட்டலில் 55 டிகிரியிலேயே எடுக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்பார்கள். உங்கள் மாமாவுக்கு வயதும் இருக்கிறது, இனிப்புநீரும் இருக்கிறது. 65 வரை விடுங்கள். நடுவில் லேசான ரோஸ் நிறம் இருக்கும், காய்ந்தும் போகாது.

அந்தச் சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை என்று அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடுகிறது. தசைக்குள் மயோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது, கறிக்குச் சிவப்பு நிறம் அதனால்தான். அது கறியின் தண்ணீரோடு கலந்து வருகிறது. அதை அவர் தட்டில் காட்டாமல் இருக்கவும் வழி உண்டு. சுட்ட கறியை ஓரம் உயர்ந்த தட்டில், ஒரு பக்கம் கரண்டியைச் செருகிச் சாய்த்து, எட்டு நிமிஷம் ஆற விடுங்கள். சாறு கீழ்ப்பக்கம் சேரும். அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், தங்கச்சி. சாலட்டின் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது.

மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நாலு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பழத்தின் சாறு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, நசுக்கிய பூண்டு ஒரு பல், இடித்த சரவாக் மிளகு. இவற்றை ஒரு பாட்டிலில் போட்டு, சேர்ந்த கறிச் சாற்றையும் ஊற்றிக் குலுக்குங்கள். கடுகு விழுது எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். சிவப்பு நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், மாமாவுக்குத் தெரியாது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கறிச் சாற்றிலேயே உப்பு இருக்கிறது.

கறியை வெட்டுவதற்கு முன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மேலே மெல்லிய கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்து, அரை செண்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டுங்கள். கோட்டோடு வெட்டினால் நீளமான நாரை அவர் மெல்ல வேண்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் அந்த வேலையைக் கத்தியே முடித்துவிடும்.

இலைக்கு வருகிறேன். கேமரன் மலை ரோமேன் லெட்டூஸ் இங்கே எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஐஸ் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் நிமிர்ந்துவிடும். பிறகு ஒரு பழைய மல் துணியில் மூட்டை கட்டி, வீட்டுக்கு வெளியே நின்று கையைச் சுழற்றுங்கள், தண்ணீர் எல்லாம் தெறித்துப் போய்விடும். வெள்ளரியின் விதையையும் தக்காளியின் நீரையும் எடுத்துவிடுங்கள். வயிறு நிறைய அவித்த கொண்டைக்கடலை ஒரு கை, ஆளுக்கு ஒரு முட்டை. உருளைக்கிழங்கு உங்கள் வீட்டுக்காரர் தட்டில் மட்டும் போடுங்கள். இலையை முதலில் பாட்டிலில் குலுக்கிய சாற்றில் பாதியோடு பிரட்டி, மேலே கறியை வைத்து, மீதியைக் கறியின் மேல் விடுங்கள். கறி கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியிருந்தால் இலை படுக்காது.

செந்தூல்வாசி பதில்:

தங்கச்சி, அண்ணன் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டார். நான் கோலாலம்பூர், செந்தூல். எங்கள் வீட்டில் மாடு சமைப்பதில்லை. இதே சாலட்டை நான் ஆட்டுக் கறியில் செய்கிறேன், நியூசிலாந்து ஆட்டின் தொடைத் துண்டு. பந்து விளையாடிவிட்டு வருகிற மகன்கள் இரண்டு பேர். சாலட் என்றால் ஓடுகிறவர்கள் இதற்கு மட்டும் சமையலறை வாசலிலேயே நிற்பார்கள்.

மாடு சாப்பிடாத வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு விஷயம் எழுதுகிறேன். ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். ஆறிப்போனால் மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓரக் கொழுப்பைச் சுடுவதற்கு முன்பே நறுக்கி எடுத்துவிடுவேன். தட்டைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்துச் சூடாக வைத்துக்கொள்வேன். அடுத்தது, கடுகு விழுது ஆட்டுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டித் தயிர், புதினா, பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சை, அவ்வளவுதான். கறிச் சாற்றை இதிலும் கலக்கலாம், நன்றாகச் சேரும்.

லெட்டூஸ் விஷயத்தில் மட்டும் அண்ணனோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அது தண்ணீர்தான், மொறுமொறுப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பசாரில் வல்லாரைக் கட்டு எவ்வளவு மலிவு! அதோடு உலாம் ராஜா கீரையின் இளந்தளிர். எங்கள் அம்மா தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்தபோது வல்லாரையைக் காட்டாற்று ஓரத்தில் பறித்து வந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசறித் தருவார். அந்த இலேசான கசப்பு கறிக்கு எவ்வளவு பொருத்தம் என்பது இந்தச் சாலட் செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சூடான கறி பட்டாலும் லெட்டூஸ் மாதிரி உடனே துவளாது. கழுவிய வல்லாரையைத் துணியில் பரப்பிக் காற்றாடிக்கு அடியில் அரை மணி நேரம் விட்டால் போதும், சுழற்ற வேண்டாம்.

இன்னொன்று. கறிக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். கறிக் கொழுப்பு ஏறிய கல்லில் அடுத்த நாள் தோசை வார்த்தால் மணம் வரும். நான் பழைய கல்லை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

மஸ்ஜித் இந்தியா தம்பி பதில்:

அக்கா, நான் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், ஒரே அடுப்புதான். மலாய்க்காரர்கள் செய்கிற கெராபு சாலட் மாதிரி செய்து பாருங்கள். சுட்ட கறி, சின்ன வெங்காயம், நறுக்கிய புங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூ), சிலி பாடி (சின்ன உறைப்பு மிளகாய்), லீமாவ் கஸ்தூரி, கொஞ்சம் மீன் சாஸ், கடைசியில் வறுத்து இடித்த தேங்காய். எண்ணெய் தேவையே இல்லை. வடக்கே தாய்லாந்து எல்லையைத் தாண்டினால் இதே வகையில் அரிசியை வறுத்துப் பொடித்துத் தூவுகிறார்கள், அதுவும் அருமையாக இருக்கும். உறைப்பும் புளிப்பும் இருப்பதால் மேற்கத்திய உணவு பிடிக்காத பெரியவர்களும் சாப்பிடுவார்கள்.

பெரிங்கி சமையல்காரன் பதில்:

தம்பி சொன்னது நல்ல யோசனை. மீன் சாஸ் விடுவதாக இருந்தால் கறிக்கு முதல் நாள் போடுகிற உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பெரியவருக்கு உப்பு கூடிவிடக் கூடாது. செந்தூல் சகோதரி வல்லாரையைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஹோட்டலில் இருந்தவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

பாயான் பாரு மருமகள் பதில்:

அண்ணே, அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதல் முறை கறி அருமையாக வந்தது. வியாழக்கிழமை ராத்திரி உப்புத் தடவி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் தொட்டால் அண்ணன் எழுதிய மாதிரியே விரலில் ஒட்டவில்லை. கல்லில் போட்டதும் அந்தச் சொர்ரென்ற சத்தம் கடைசி வரை மாறவில்லை. ஆனால் இலையில் கோட்டை விட்டேன். நேரமாகிவிட்டது என்று சரியாக உலர்த்தாமல் போட்டதில், சாறு எல்லாம் வழுக்கிக்கொண்டு தட்டின் அடிக்குப் போய்விட்டது. மேலே இலை சப்பென்று இருந்தது. மாமா கறியையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு இலையை ஒதுக்கிவிட்டார். ரத்தம் என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை, பூலாவ் தீக்குஸ் பசாரில் வல்லாரையும் புங்கா கந்தானும் வாங்கினேன். பாதி வல்லாரை, பாதி லெட்டூஸ். வீட்டுக்காரர் நடைபாதையில் நின்று துணி மூட்டையைச் சுழற்றினார், எதிர்வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். அண்ணன் சொன்ன கடுகுச் சாறுதான், அதில் தம்பியின் சிலி பாடி ஒன்றையும் புங்கா கந்தானையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். கொண்டைக்கடலையை முதல் நாளே அவித்து வைத்திருந்தேன். கறியைக் குறுக்கே மெல்லிசாக வெட்டி மாமாவின் தட்டில் முதலில் வைத்தேன். ஒரு துண்டு எடுத்து, இந்தப் பக்கப் பல்லில் மென்று, அந்தப் பக்கத்துக்கும் தள்ளிப் பார்த்தார். பிறகு கீரையோடு சேர்த்து எடுத்தார். தட்டைக் காலி செய்துவிட்டு, அடியில் நின்ற சாற்றை வழிக்க ஒரு துண்டு ரொட்டி கேட்டார். கோதுமை ரொட்டி அரைத்துண்டு கொடுத்தேன். சோறு கேட்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கல்லில் கறி ஒட்டிக் கறுத்துப்போய் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் தேய்க்கலாமா?

பெரிங்கி சமையல்காரன் பதில்:

ஊற வைக்காதீர்கள், துரு பிடித்துவிடும். கல் இளஞ்சூடாக இருக்கும்போதே கல் உப்பு ஒரு கை போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள், கறுப்பு கழன்று வரும். வெந்நீரில் அலசி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, சூட்டோடு ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி வையுங்கள். அடுத்த முறை கறி ஒட்டாது.